ஸ்ரீநகர், லே, மணாலி: முதுகுப் பையோடு பகுதி விட்டுப் பகுதி மாறுவது எப்படி?

மாதக்கணக்கில் முதுகுப் பையோடு சுற்றுகிறவர்களுக்கு, ஓர் ஊரில் தங்கியிருக்கும் நாட்களில் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் ஒரு பகுதியை விட்டு இன்னொரு பகுதிக்குக் கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான். காஷ்மீர், லடாக், இமாச்சல் என்று மாறும் பாதையில் இது இன்னும் அதிகம். ஒரே பகலில் உயரம், குளிர், போன் சிக்னல், பணம் எடுக்கும் வசதி, பேசும் மொழி எல்லாம் மாறிவிடும். பஸ்ஸிலும் ஷேர் டாக்ஸியிலும் முதல்முறை இந்தப் பாதையில் போகிறவர்களுக்காக எழுதியது இது. சொந்த பைக்கில் போகிறவர்களுடைய கவலைகள் வேறு.

முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலரும் டெல்லி போய், மணாலி போய், அங்கிருந்து லேக்கு ஏறி, காஷ்மீர் வழியாக இறங்குவதாகத் திட்டம் போடுவார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரம், கார்கில் 2,676, லே 3,500. மாடிப்படி மாதிரி. வழியில் ஏறும் மிக உயரமான இடம் ஃபோட்டு லா, 4,108 மீட்டர்; அங்கேயும் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவீர்கள்.

மணாலிப் பக்கக் கணக்கு வேறு. மணாலி 2,050 மீட்டர், கேலாங் 3,080. அதற்கு மேல் வழியில் இரவு தங்கினால் சர்ச்சு 4,290 அல்லது பாங் 4,600. மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். கேலாங்கிலிருந்து சர்ச்சுவுக்குப் போவது ஒரே தாவலில் 1,200 மீட்டர். சர்ச்சுக் கூடாரங்களில் தலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் தவறியவர்கள்தான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சர்ச்சுவுக்கு இரண்டு பக்கமும் அதைவிட உயரமான கணவாய்கள். உடம்புக்கு முடியாமல் கீழே இறங்க வேண்டுமென்றாலும், முதலில் மேலே ஏறித்தான் இறங்கியாக வேண்டும்.

வேறு வழியில்லை, மணாலியிலிருந்துதான் ஏற வேண்டும் என்பவர்கள் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்குங்கள். பிறகு விடிவதற்கு முன் கிளம்பி, அன்றே லே போய்ச் சேரும் வண்டியில் ஏறுங்கள். நடுவில் 5,300 மீட்டரைத் தாண்டினாலும் தலை சாய்ப்பது 3,500இல். விதி பார்ப்பது தூங்கும் உயரத்தை.

(‘லா’ என்றால் அந்த ஊர் மொழியில் கணவாய். ‘ஜோஜி லா கணவாய்’ என்பது நம் ‘கேட்டு வாசல்’ கதைதான்.)

எந்த மாதம்

ஸ்ரீநகர் பக்கத்து ஜோஜி லா பனிக்காலத்தில் மூடி, வசந்தத்தில் திறக்கும். மணாலிச் சாலை பெரும்பாலும் அதற்குப் பிறகு. இரண்டு பக்கமும் திறந்து, பஸ்ஸும் ஓடும் காலம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அதிலும் ஜூலை, ஆகஸ்டில் லடாக் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். ஆனால் போகிற வழியான ஜம்மு பக்கமும் திரும்புகிற வழியான மணாலி பக்கமும் பருவமழையில் மண் சரியும். ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீநகரில் இருந்து, செப்டம்பர் முதல் பாதியில் மணாலியில் இறங்குவதுபோலப் போட்டால் நல்லது. மழை குறையத் தொடங்கியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், பனி இன்னும் தொடங்கியிருக்காது.

ஸ்ரீநகர் போவதற்கு, வாரம் ஒருமுறை கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸும் கட்ரா போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. மூன்று மணி நேரப் பயணம். ராம்பன் பக்கத்து மண்சரிவில் நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும் பழைய தொல்லை இதனால் பாதி குறைந்தது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். 120 நாள் என்பது 2024 அக்டோபரோடு போய்விட்டது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மூன்று வேலை

முதல் வேலை சிம். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். ரயில் பதான்கோட்டைத் தாண்டியதும் போன் ஊமையாகிவிடும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று குழம்பி, பக்கத்து சீட்டுக்காரரிடம் ஹாட்ஸ்பாட் வாங்கி மறுபடி ரீசார்ஜ் செய்கிறவர்களை அந்த ரயிலில் எப்போதும் பார்க்கலாம். பேச முடியாதது பெரிய விஷயமில்லை. வங்கி ஓடிபி வராது, யுபிஐ திறக்காது, டிக்கெட் புக் செய்ய முடியாது. அதனால் வங்கிக் கணக்கோடு இணைந்த அதே எண்ணைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே போய் உள்ளூர் ப்ரீபெய்டு சிம் வாங்கலாம்தான்; அது நெட்டுக்கு உதவும், உங்கள் வங்கி ஓடிபிக்கு உதவாது.

இரண்டாவது பணம். ஸ்ரீநகர், கார்கில், லே, கேலாங், மணாலியில் ஏடிஎம் உண்டு. லேயை விட்டுக் கிளம்பினால் கேலாங் பக்கம் வரும்வரை நம்பி நிற்க ஒன்றும் கிடையாது. லேயிலும் சீசனில் ஏடிஎம் வாசலில் வரிசை நிற்கும், உள்ளே பணம் தீர்ந்துபோகும். மூன்று நாள் சாப்பாடு, தங்கல், வண்டிக்கூலிக்கு ஆகும் தொகையை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள். அதில் பாதி நூறும் ஐம்பதுமாக இருக்கட்டும். வழியில் பாங் என்ற இடத்தில் தாபாக்காரர் சொல்வது நெட்வொர்க் இல்லை, சில்லறையும் இல்லை என்றுதான்.

மூன்றாவது பை. 45 முதல் 50 லிட்டர் போதும். சாமான் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய பை வண்டியின் கூரைக்குப் போய்விடும். நடுவழியில் எடுக்கவே முடியாது. மடியில் வைக்கும் சின்னப் பையில் இவை இருந்தாக வேண்டும்: ஃப்ளீஸ், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், குல்லா, இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், மாத்திரைகள், டார்ச், ஒரிஜினல் ஆதார், பணம், பவர் பேங்க், டிஷ்யூ, கொஞ்சம் உலர்பழம். மழை உறை போட்டுவிட்டோம் என்று பெரிய பையைச் சும்மா விடாதீர்கள். அந்தச் சாலையின் மாவு போன்ற புழுதி உறைக்குக் கீழிருந்து ஏறும். உள்ளே துணிகளைத் தடித்த பாலிதீன் பையில் கட்டி, வெளியே முழுப் பையையும் ஒரு சாக்கில் திணித்துக் கட்டினால் புழுதியும் வராது, கூரைக் கம்பியில் உரசி பட்டையும் கிழியாது. நான்கு மீட்டர் கயிறு நீங்களே கொண்டுபோங்கள். டிரைவரின் கயிறு எல்லார் பைக்கும் போதுவதில்லை.

ஸ்ரீநகரிலிருந்து கார்கில்

சுமார் 200 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். ஷேர் சூமோக்கள் டிஆர்சி எனப்படும் சுற்றுலா வரவேற்பு மையத்துக்கு அருகிலிருந்து காலையில் கிளம்பும். முந்தின நாள் மாலையே போய் சீட்டைப் பேசி வையுங்கள். மூன்று கேள்வி கேட்டால் போதும்: எந்த வரிசை சீட், பைக்குத் தனிக் கூலி உண்டா, கார்கிலில் எந்த இடத்தில் இறக்குவீர்கள். கடைசி வரிசையைத் தவிருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போக வேண்டும், வாந்தியும் அங்கேதான் முதலில் வரும்.

சோனமார்க்குக்கு முன்னால் 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறந்துவிட்டது. அதற்கு அப்பால் ஜோஜி லா இன்னும் பழையபடிதான். உயரம் 3,528 மீட்டர் மட்டுமே என்றாலும் ஒடுக்கமான மண்சாலை, கீழே பள்ளத்தாக்கு. எந்தப் பக்க வண்டியை எந்த நேரத்தில் விடுவது என்று டிராஃபிக் போலீஸ் நாளுக்கு நாள் அறிவிக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சோனமார்க்கிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். டிரைவர் விடிகாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஐந்துக்கே நில்லுங்கள். முந்தின இரவு ‘ஆகே ராஸ்தா குலா ஹை?’ என்று ஹோட்டல்காரரிடம் கேட்டுவிடுங்கள். ‘முன்னால் பாதை திறந்திருக்கிறதா?’ என்று பொருள். இந்தப் பயணம் முழுக்க நீங்கள் அதிகம் பயன்படுத்தப்போகிற இந்தி வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

கணவாயைக் கடந்ததும் பச்சை நின்றுவிடும். திராஸ் 3,280 மீட்டர்; கார்கில் போர் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது, பார்க்க நினைத்தால் அடையாள அட்டையைக் கையில் வையுங்கள். ராணுவ முகாம், பாலம், கான்வாய் எதையும் போன் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம்.

கார்கிலில் இறங்கியதும் ரூம் தேடுவதற்கு முன்னால் ஸ்டாண்டில் மறுநாள் லே வண்டிக்குப் பேசிவிடுங்கள். அவையும் அதிகாலையிலேயே நிரம்பிப் போய்விடும். ஒன்பது மணிக்கு எழுந்து வந்தால் தனி டாக்ஸிதான் மிஞ்சும்.

கார்கிலிலிருந்து லே

ஏறத்தாழ 215 கிலோமீட்டர், நல்ல சாலை. நாட்கள் கையில் இருந்தால் நடுவழியில் லாமாயூருவில் ஓர் இரவு தங்குங்கள். சுமார் 3,500 மீட்டர் என்பதால் லேக்கு முன்னோட்டமாக இருக்கும். மடாலயத்துக்குக் கீழே மஞ்சள் களிமண் மலை சாயும் வெயிலில் நிறம் மாறுவதைப் பார்க்க ஜன்னல் வழியே கிடைக்கும் மூன்று நிமிடம் போதாது.

இந்தக் கட்டத்தில் சின்னச் சின்ன வேடிக்கைகள் தொடங்கும். சிப்ஸ் பாக்கெட் பலூனாகும். பற்பசை மூடியைத் திறந்தால் தானாக வழியும். சன்ஸ்க்ரீன் டியூபை ஜிப்லாக் பைக்குள் போட்டு, கொஞ்சம் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் மருந்து, சார்ஜர் எல்லாம் வெண்ணெய் பூசிக்கொள்ளும்.

மரியாதைச் சொல்லும் மாறும். லடாக்கில் வணக்கம், நன்றி எல்லாவற்றுக்கும் ‘ஜூலே’. அண்ணனை ‘அச்சோ லே’, அம்மாவை ‘அமா லே’ என்று கூப்பிட வேண்டும். அங்கே ‘லே’ சேர்த்தால் மரியாதை. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

லேயில் முதல் இரண்டு நாள்

கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் இங்கே. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. உடம்புக்கும் அதேபோலக் கூடுதல் நேரம் வேண்டும். முதல் நாள் நடை, கடை, தூக்கம் மட்டும். மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சின் வேகத்தைக் குறைக்கும். சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் போதும், ஐந்தாறு லிட்டர் குடித்து உப்பைக் கரைக்க வேண்டாம்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தால் மலை நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதை நிறுத்தி, இருந்த இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். டயாமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடைத் தடுப்பாகப் பலர் எடுப்பார்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்குப் பிரச்சினை ஆகலாம் என்பதால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். விரல் நுனி மரத்து ஊசி குத்துவதுபோல இருப்பதும், அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் குணம், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, சளியோடு விடாத இருமல், பேச்சில் குழப்பம். தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலை விரல் நுனியில் வைத்து வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காத்திருக்காதீர்கள். ஊருக்குள் என்றால் எஸ்என்எம் ஆஸ்பத்திரி; வழியில் என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு கீழே.

ஸ்ரீநகர்–லே–மணாலி நெடுஞ்சாலையில் போக இந்தியர்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம். லேயிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங், த்சோ மோரிரி ஏரிகளுக்குப் போவதற்கு இப்போது என்ன சீட்டு தேவை என்று விசாரித்து, அதை ஆன்லைனில் எடுத்து, மூன்று நான்கு பிரதி அச்சிட்டு வையுங்கள். செக்போஸ்ட்டில் கேட்டால் கொடுக்கலாம்.

லேயிலிருந்து மணாலி

பயணத்தின் கடினமான பகுதி இதுதான். சுமார் 430 கிலோமீட்டர். டெம்போ டிராவலர், சூமோ வகை ஷேர் வண்டிகள் நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்பி, அன்று மாலை மணாலியில் இறக்கிவிடும். ஏன் இந்த அகால நேரம்? பகல் வெயிலில் பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். பல இடங்களில் பாலம் வந்துவிட்டாலும், சர்ச்சுவுக்கும் பாரலாச்சா லாவுக்கும் அப்பால் இருக்கும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடத்தான் டிரைவர்கள் துடிப்பார்கள்.

புதியவர்களுக்கு அந்த நள்ளிரவு வண்டியைப் பரிந்துரைக்க முடியாது. டிரைவர் ஒருவர்தான், பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இமாச்சல் அரசு பஸ் விடிவதற்கு முன் லேயிலிருந்து கிளம்பி கேலாங் போகும். அதில் ஏறி, கேலாங்கில் தூங்கி, மறுநாள் உள்ளூர் பஸ்ஸில் 70 கிலோமீட்டர் போய் மணாலியில் இறங்குங்கள். ஒரு நாள் கூடும். ஓட்டத்தில் அனுபவமுள்ள ஆள், உயரமான வண்டி, பாதி செலவு. டிக்கெட்டை ஒரு நாள் முன்பே ஸ்டாண்டில் வாங்கி, பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.

வரிசை இப்படி வரும். உப்ஷி வரை சிந்து நதியோடு சமதளம். பிறகு தங்லாங் லா, 5,300 மீட்டருக்கு மேல். ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பஸ் நின்றால் மெதுவாக இறங்குங்கள், ஓடாதீர்கள், பத்து நிமிடத்தில் ஏறிவிடுங்கள். மோரே சமவெளி முடிந்ததும் பாங். கூடாரக் கடைகளில் மேகி, ராஜ்மா சாதம். கழிப்பறை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பெண்கள் பயன்படுத்திய பேடைத் திரும்ப எடுத்துப்போக ஒரு ஜிப்லாக் பை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து லாச்சுங் லா, அதற்கப்புறம் 21 கொண்டை ஊசி வளைவுகளோடு காட்டா லூப்ஸ். வளைவில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்த ஒரு சின்ன மாடம் தெரியும். தாகத்தில் இறந்துபோன ஒருவரின் ஆவிக்கு லாரிக்காரர்கள் வைப்பது என்பார்கள். பிறகு சர்ச்சு, 4,890 மீட்டரில் பாரலாச்சா லா, அங்கிருந்து இறக்கமோ இறக்கம்: தார்ச்சா, ஜிஸ்பா, கேலாங்.

காட்டா லூப்ஸில் குமட்டல் வந்தால் அது சாலையாலா, உயரத்தாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். வளைவால் வந்தது என்றால் தரையில் நின்றதும் தணியும். தலைவலியோடு சேர்ந்து அப்படியே இருந்தால் உயரம். லேயில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டாவது வருவது அபூர்வம். விமானத்தில் வந்து இரண்டே நாளில் கிளம்புகிறவர்களுக்கு அப்படியில்லை.

உப்ஷிக்கு அப்பால் தார்ச்சா நெருங்கும்வரை போன் சிக்னலை நம்பாதீர்கள். வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ‘நாளை இரவு வரை போன் வராது, நாளன்றைக்குக் காலை வரவில்லை என்றால் கவலைப்படுங்கள்.’ குளிரில் பேட்டரி சடசடவென இறங்கும். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். மேப்பை முன்பே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேலாங்–மணாலி துண்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர். வடக்கு வாயில் வரை வறண்ட லாஹௌல் பள்ளத்தாக்கு. பத்துப் பன்னிரண்டு நிமிட இருட்டு முடிந்து தெற்கு வாயிலில் வெளியே வந்தால் தேவதாரு, மேகம், பல நாட்களில் மழை. கூரையில் இருக்கும் பைக்கு உறை போடும் வேலையைச் சுரங்கத்துக்கு முன்னால் வரும் சிஸ்ஸுவில் வண்டி நிற்கும்போதே முடித்துவிடுங்கள். ரோத்தாங் கணவாய்க்கு மேலே போனால்தான் தனி அனுமதி, சுரங்கத்துக்கு வேண்டாம்.

லாஹௌலிலிருந்து பக்கத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்குப் பக்கம் திரும்ப நினைப்பவர்கள் கிராம்ஃபூ, பாதல், குன்ஸும் லா வழியாகக் காஜா போகலாம். உயரத்துக்கு உடம்பு பழகியிருக்கும் இந்தச் சமயமே அதற்கு ஏற்றது. மணாலியில் இறங்கி ஒரு வாரம் தங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

மணாலியில்

தடித்த ஜாக்கெட், தெர்மல், லேயில் வாங்கிய கம்பளி எல்லாம் இனி சுமை. தபால் நிலையத்தில் பார்சலாக ஊருக்கு அனுப்பிவிடுங்கள். பவர் பேங்க், டார்ச் பேட்டரி, திரவங்கள் அதில் கூடாது. மூன்று நான்கு கிலோ குறைந்ததும் அடுத்த பகுதி தானாக எளிதாகும்.

ஊர் திரும்புகிறவர்கள் டெல்லிக்கு இரவு வால்வோவில் போய், அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ ஜிடியோ பிடிக்கலாம். டெல்லி சேரும் நாளுக்கே ரயில் டிக்கெட் போடாதீர்கள். லேயிலிருந்து கணக்கிட்டு இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். பாரலாச்சா லாவில் ஒன்று போனால் மணாலிக்குக் கீழே மண்சரிவில் இன்னொன்று போகும். இரண்டு நாளும் மிஞ்சினால் டெல்லியில் துணி துவைத்துக்கொள்ளலாம், லடாக் புழுதிக்கு இரண்டு தண்ணீர் பிடிக்கும்.